முதலடி யாருடையது?

க.பொ.த. உயர்தர வகுப்பில் ஒரு நாள் திருவாசகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இறைவனை வணங்குவதற்கும் அவனுடைய அருளே முன்வந்து நிற்கவேண்டும் என்று மணிவாசகர் உருகும் இடம். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. எங்களுடையது இந்துக் கல்லூரிதான் என்றாலும் ஆண்டுதோறும் அத்தகைய பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது படிப்பதுண்டு. "சேர், கும்பிடுறதுக்கே அவர்தான் அருள் தரவேணுமெண்டால், கும்பிடாமல் இருக்கிறவனில என்ன பிழை?" என்று கேட்டான்.

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சைவசித்தாந்தத்தில் இதற்கு விடையுண்டு என்று சொல்லி, இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்று கரும்பலகையில் எழுதி விளக்கினேன். அவன் தலையாட்டினான். மணி அடித்த பிறகு மேசையருகே வந்து, "எங்கட சேர்ச்சில இதுக்கு என்ன சொல்லுகினம் எண்டு எனக்குத் தெரியாது சேர்" என்றான். உண்மையில் எனக்கும் அப்போது தெரியாது. தெரிந்துகொள்வதற்காகத் தேடிப் படித்தவற்றுள் ஒரு பகுதியையே நேயர்களாகிய உங்கள் முன் வைக்கிறேன். இது சமயப் பிரசங்கம் அன்று. ஒரு வினாவின் வரலாறு.

மனிதன் தன் முயற்சியால் மட்டும் மீட்படைய முடியாது, கடவுளின் அருள் வேண்டும் என்பதில் கிறிஸ்தவ சபைகள் எல்லாம் ஒரே குரலில்தான் பேசுகின்றன. புரட்டஸ்தாந்தர் அதனைக் கிருபை என்பர். கத்தோலிக்கர் இக்காலத்தில் அருள் என்று வழங்குகின்றனர். சர்ச்சையெல்லாம் அடுத்த படியில்தான். அந்த அருள் வந்து வாசலில் நிற்கும்போது கதவைத் திறப்பவன் யார்? 'ஆம்' என்று சொல்வது மனிதனுடைய செயலா, அல்லது அந்த 'ஆம்' கூட அருளின் செயல்தானா? 'இல்லை' என்று சொல்ல அவனுக்கு இடமுண்டா?

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமாபுரியில் பெலாஜியுஸ் என்றொரு துறவி வாழ்ந்தார். பிரித்தானியாவிலிருந்து வந்தவர், கடும் ஒழுக்கசீலர். பேரரசு கிறிஸ்தவத்தைத் தழுவிக்கொண்டபின் பெயருக்குக் கிறிஸ்தவரானோர் தொகை பெருகியிருந்த காலம் அது. 'நாங்கள் பலவீனர், எங்களால் என்ன செய்ய முடியும்' என்பதே அவர்களுடைய சாக்கு. அந்நாளில் ஆயர் ஒருவர், வட ஆபிரிக்காவில் ஹிப்போ நகரத்து ஆயராக இருந்த அகுஸ்தீனாரின் மன்றாட்டு ஒன்றை எடுத்துக் கூறினார். கட்டளையிடுகின்ற கடவுளே அதைச் செய்யும் வலுவையும் தரவேண்டும் என்ற பொருள்பட அமைந்தது அது. பெலாஜியுஸ் அதைக் கேட்டுச் சினங்கொண்டார். கடவுள் ஒன்றைக் கட்டளையிட்டார் என்றால் மனிதனால் அது இயலும் என்பதனாலேயே கட்டளையிட்டார். இயலாததைச் சொல்லிவிட்டுத் தண்டிப்பவர் நீதியுள்ள கடவுளாக இருக்கமுடியாது என்பது அவருடைய வாதம்.

எனக்கு இந்த வாதம் உடனே பிடித்துப்போயிற்று. ஆசிரியத் தொழில் செய்பவர் எல்லோருமே ஒருவகையில் பெலாஜியுஸின் சீடர்கள்தாம். 'முயன்றால் முடியும்' என்று நாளொன்றுக்குப் பத்துத் தடவை சொல்லாமல் எங்களுக்குப் பொழுது போகாது.

அகுஸ்தீனார் வேறு அனுபவத்திலிருந்து பேசினார். அவர் 354 இல் பிறந்தவர். இளமையில் புலன்வழி அலைந்தவர். திருந்தவேண்டும் என்று விரும்பியும் திருந்த முடியாமல், தன் விருப்பமே தனக்கு விலங்காகி நின்ற வேதனையை 386 இல் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் அனுபவித்தவர். கையை உயர்த்து என்று மனம் சொன்னால் கை உயர்கிறது. விரும்பு என்று மனம் தனக்குத் தானே சொன்னால் மட்டும் மனம் கேட்பதில்லையே, ஏன்? இந்த வினா அவரை வாட்டியது. ஆகவே, நல்லதை விரும்புவதுகூடக் கடவுள் தந்த கொடைதான் என்ற முடிவுக்கு வந்தார். பெலாஜியுஸ் மனிதனுடைய கடமையைப் பார்த்தார். அகுஸ்தீனார் மனிதனுடைய இயலாமையைப் பார்த்தார். 418 இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸின் கொள்கையைக் கண்டித்தனர்.

ஆனால் வென்றவருக்கு வேறொரு தொல்லை காத்திருந்தது. விரும்புவதும் கடவுளின் கொடை என்றால், அந்தக் கொடையை ஒருவனுக்குக் கொடுத்து மற்றவனுக்குக் கொடாமல் விடுவது ஏன்? இன்றைய துனீசியாவில் ஹாட்ருமெத்தும் என்ற ஊர் இருந்தது. அங்கிருந்த மடத்துத் துறவிகளுக்கு அகுஸ்தீனாரின் எழுத்தைப் படித்ததும் குழப்பம் ஏற்பட்டது. ஒருவன் தவறு செய்தால் அவனை ஏன் கண்டிக்கவேண்டும், அவனுக்கு அருள் கிடைக்கும்படி வேண்டிக்கொண்டால் போதாதா என்று கேட்டனர். இதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் மாணவனின் கேள்வி! ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கேட்கப்பட்டுவிட்டது. அகுஸ்தீனார் அவர்களுக்காகவே தனி நூல் ஒன்றை எழுதினார். கண்டிப்பும் அருள் கையாளும் கருவிகளுள் ஒன்று என்பது அவர் தந்த விடையின் சாரம். விடை கெட்டித்தனமானதுதான், ஆயினும் தென் பிரான்சில் இருந்த துறவிகள் பலருக்கு அது திருப்தி தரவில்லை. அகுஸ்தீனார் 430 இல், வந்தால் என்னும் குடியினர் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த வேளையில் காலமானார். 529 இல் ஒரேஞ்ச் நகரில் கூடிய சங்கம், விசுவாசத்தின் தொடக்கமும் அருளாலேயே என்று அவர் பக்கம் நின்றது. ஆனால் தீமைக்கென்றே கடவுள் சிலரை முன்குறித்தார் என்று சொல்பவரைச் சபித்தது.

இடையில் ஆயிரம் ஆண்டுகளை விட்டுச் செல்கிறேன். 1524 இல் எராஸ்மஸ் மனித விருப்பின் சுதந்திரம் பற்றி ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டே லூதர் அதற்கு மறுப்பெழுதினார். இருவரும் கையாண்ட உவமைகளைப் பார்த்தால் போதும். எராஸ்மஸ் ஒரு குழந்தையைக் காட்டுகிறார். நடக்கத் தெரியாத குழந்தை. தூரத்தில் அப்பிள் பழம். தகப்பன் பழத்தைக் காட்டுகிறான், விழும்போது தாங்குகிறான், கடைசியில் பழத்தைக் கையில் கொடுக்கிறான். குழந்தை தன்னால் வந்தது என்று பெருமைப்பட முடியாது. ஆனாலும் ஏதோ செய்தது. லூதர் காட்டுவது ஒரு பொதி மிருகம். அதன்மேல் கடவுள் ஏறினால் கடவுள் போகும் இடத்துக்கு அது போகும்; சாத்தான் ஏறினால் சாத்தான் போகும் இடத்துக்குப் போகும்; யார் ஏறுவது என்று தெரிவுசெய்வது மிருகத்தின் கையில் இல்லை. பாப்பாண்டவர் பற்றியும் பாவமன்னிப்புச் சீட்டுப் பற்றியும் வீண்பேச்சுப் பேசாமல் பிரச்சினையின் உயிர்நிலையைத் தொட்டவர் நீர் ஒருவரே என்று எதிராளியாகிய எராஸ்மஸையே லூதர் பாராட்டினார்.

நேயர்களுக்கு இந்த இடத்தில் குரங்குக்குட்டியும் பூனைக்குட்டியும் நினைவுக்கு வந்திருக்கும். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குட்டியும், தாய் கௌவிச் செல்லும் குட்டியும் வடகலை, தென்கலை வைணவருக்குரிய உவமைகள். ஜெர்மன் அறிஞர் ருடோல்ப் ஓட்டோவும் இவற்றைக் கிறிஸ்தவ அருட்கொள்கையோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். ஒப்புமை அழகானதுதான். எனினும் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. எங்கள் மரபில் உயிருக்குப் பல பிறவிகள் உண்டு. இந்தப் பிறவியில் பக்குவம் வாராவிட்டால் இன்னொன்றில் வரும். கிறிஸ்தவனுக்கு இருப்பது ஒரே வாழ்க்கை. அதற்குள் எல்லாம் முடிந்துவிடவேண்டும். அதனால்தான் இதே வினா அங்கே இவ்வளவு கூர்மை பெற்றது. கத்திக்கும் வேலை கொடுத்தது.

கத்தி என்று உவமைக்காகச் சொல்லவில்லை. ஒல்லாந்து தேசத்துக் கதையைக் கேளுங்கள்.

ஜாக்கோபஸ் ஆர்மீனியஸ் தகப்பனைச் சிறுவயதிலேயே இழந்தவர். ஒல்லாந்தர் ஸ்பானியருக்கு எதிராகப் போராடிய காலத்தில், 1575 இல், அவருடைய பிறந்த ஊராகிய ஔடவாட்டரை ஸ்பானியப் படை அழித்தபோது தாயும் உடன்பிறந்தோரும் கொல்லப்பட்டனர். வெளியூரில் படித்துக்கொண்டிருந்த பையன் தப்பினான். பின்பு ஜெனீவாவுக்குச் சென்று, கல்வினின் வாரிசாகிய பேசாவிடமே பாடம் கேட்டார். அம்ஸ்டர்டாமில் போதகரானார். அந்நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது நோயாளர் வீடுகளுக்கு அஞ்சாமல் சென்றார். நல்ல விசுவாசிகளே, தங்கள் உள்ளத்தில் உறுதி தோன்றவில்லையே என்று சாவுப் படுக்கையில் கலங்கியதை அவர் கண்டிருக்கிறார். உலகத் தோற்றத்துக்கு முன்னரே இன்னார் மீட்புக்கு, இன்னார் அழிவுக்கு என்று கடவுள் தீர்மானித்துவிட்டார் என்ற போதனையைப் பிரசங்க மேடையிலிருந்து சொல்வது வேறு. சாகின்றவனின் கட்டிலருகே நின்று சொல்வது வேறு.

1603 இல் அவர் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கே கோமாரஸ் என்ற மற்றொரு பேராசிரியரோடு மோதல் மூண்டது. ஆர்மீனியஸின் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: யார் விசுவசிப்பார் என்பதைக் கடவுள் முன்னறிந்து, விசுவசிப்போரைத் தெரிந்துகொள்கிறார், அருள் இல்லாமல் எவரும் விசுவசிக்க முடியாது, ஆனால் அந்த அருளை மனிதன் எதிர்த்துத் தள்ளவும் கூடும். வேறுபாடு சிறியது என்று 1608 இல் இருவரையும் விசாரித்த நீதிபதிகளுக்குத் தோன்றியது. கோமாரஸோ, ஆர்மீனியஸின் கொள்கையோடு கடவுள் சந்நிதியில் நிற்கத் தாம் துணியமாட்டார் என்றார். மறு ஆண்டில் ஆர்மீனியஸ் இறந்தார். அவர் வழிவந்த போதகர் நாற்பதுக்கு மேற்பட்டோர் 1610 இல் ஐந்து கூறுகள் கொண்ட முறையீடு ஒன்றை அரசிடம் சமர்ப்பித்தனர். 'முறையீட்டாளர்' என்றே அவர்களுக்குப் பெயராயிற்று. அருள் இன்றி மனிதனால் எந்த நன்மையும் ஆகாது என்று அவர்களே மூன்றாம் கூறில் எழுதிவைத்தனர். அப்படியிருந்தும் பெலாஜியுஸின் வழியினர் என்றே எதிரிகள் அவர்களைத் தூற்றினர். எதிராளி சொல்லாததை அவன் தலையில் கட்டுவது எந்தச் சமயத்து வாதிக்கும் கைவந்த கலை.

அந்த வேளையில் அரசியலும் உள்ளே நுழைந்தது. ஸ்பெயினோடு 1609 இல் செய்துகொண்ட பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தத்துக்குக் காரணராய் இருந்தவர் முதுபெரும் அரசியலாளர் ஓல்டன்பார்னவெல்ட். அவர் முறையீட்டாளருக்கு அரணாக நின்றார். படைத் தலைவராகிய மொறிஸ் இளவரசர் மற்றப் பக்கம் சேர்ந்தார். 1618 ஓகஸ்ட் மாதம் ஓல்டன்பார்னவெல்ட்டும் பேரறிஞர் ஹியூகோ குரோஷியஸும் கைதுசெய்யப்பட்டனர். அதே ஆண்டு நவம்பர் 13 இல் டோர்ட் நகரில் திருச்சபைச் சங்கம் கூடியது. இங்கிலாந்து, ஜெர்மனி, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளிலிருந்தும் பிரதிநிதிகள் வந்தனர். முறையீட்டாளர் சமமாக உட்கார்ந்து வாதிட அழைக்கப்படவில்லை. குற்றவாளிகளாய் வந்து நிற்கும்படி அழைக்கப்பட்டனர். 1619 ஜனவரி 14 இல் சங்கத் தலைவர் பொகர்மன் கடுஞ்சொற்களோடு அவர்களை வெளியேற்றினார். அச்சங்கத்தைக் கண்ட ஆங்கிலேயராகிய ஜோன் ஹேல்ஸ், கல்வினிடம் அங்கேயே விடைபெற்றுக்கொண்டதாகப் பிற்காலத்தில் சொன்னார் என்றொரு செய்தி உண்டு.

சங்கத்தின் தீர்மானங்கள் இரக்கமற்றவை என்றே நானும் எண்ணியிருந்தேன். படித்துப் பார்த்தபோது அப்படி ஒரேயடியாகச் சொல்ல மனம் வரவில்லை. கடவுளின் தெரிவு மனிதனுடைய எந்தத் தகுதியையும் நோக்கியதன்று என்பதில் அவர்கள் அசையவில்லை. ஆனால் அருள் மனிதனைக் கல்லாகவும் கட்டையாகவும் நடத்துவதில்லை, அவனுடைய விருப்பத்தை அழிக்காமல் குணப்படுத்துகிறது என்று சொன்னார்கள். குழந்தையிலேயே பிள்ளையைப் பறிகொடுத்த பக்தியுள்ள பெற்றோர், அந்தப் பிள்ளை கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டது என்பதில் ஐயம் கொள்ளவேண்டாம் என்றும் எழுதினார்கள். குழந்தைச் சாவு நிறைந்திருந்த அந்த நூற்றாண்டில் அந்த ஒரு பத்தி எத்தனை தாய்மாரின் கண்ணீரைத் துடைத்திருக்கும்! என் பற்றுறுதியில் என் மீட்புத் தங்கியிருந்தால் நான் என்றோ விழுந்திருப்பேன். அது கடவுளின் பிடியில் இருப்பதனால்தான் எனக்கு நிம்மதி என்பது அவர்களுடைய உள்ளக்கிடக்கை. ஆர்மீனியஸ் எந்தக் கட்டிலருகே நின்று கலங்கினாரோ, அதே கட்டிலுக்கு மறுபக்கத்தில்தான் அவர்களும் நின்றனர்.

இவ்வளவையும் எழுதிய கையோடுதான் மற்றதும் நடந்தது. வெளிநாட்டுப் பிரதிநிதிகள் பங்குபற்றிய அமர்வுகள் மே 9 இல் முடிந்தன. மே 13 இல் ஹேக் நகரில் எழுபத்தொரு வயது ஓல்டன்பார்னவெல்ட்டின் தலை துண்டிக்கப்பட்டது. குற்றச்சாட்டு அரசத்துரோகம், ஆகவே இறையியலே அவரைக் கொன்றது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஏறத்தாழ இருநூறு போதகர்கள் பதவி இழந்தனர். ஆயுட்சிறை விதிக்கப்பட்ட குரோஷியஸ், படிப்பதற்கு நூல்கள் வந்துபோகும் பெட்டியொன்றுக்குள் ஒளிந்து 1621 இல் தப்பினார். ஏற்பாடு செய்தவர் அவருடைய மனைவி மரியா. அந்தப் பெட்டி தங்களிடமே இருப்பதாக ஒல்லாந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட காட்சிச்சாலைகள் உரிமை கொண்டாடுகின்றன.

டோர்ட் எங்கே, யாழ்ப்பாணம் எங்கே என்று கேட்கலாம். தூரம் அதிகமில்லை. கீழைத்தேயத்தில் ஒல்லாந்தர் வீடுகளில் வளரும் பிறசமயப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்ற வினா அந்தச் சங்கத்துக்கே வந்தது. அறிவு தெளிந்து போதனை பெற்று ஏற்கும் வரை கொடுக்கவேண்டாம் என்பதே அங்கே எடுத்த முடிவு. இது நடந்து நாற்பது ஆண்டுகள் கழிந்து, 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். படையோடு வந்தவர் டெல்ப்ட் நகரத்துப் போதகர் பால்டேயஸ். 1665 வரை இங்கிருந்தவர், தமிழ் கற்றவர், 1672 இல் வெளியான தமது நூலில் தமிழ் எழுத்துக்களையும் அச்சிட்டவர். அவர் சார்ந்த திருச்சபை டோர்ட் தீர்மானங்களைக் கையொப்பமிட்டு ஏற்ற திருச்சபை.

விசுவாசத்தை மனிதன் மனிதனுக்கு ஊட்ட முடியாது, அது கடவுளின் தனிச்செயல் என்பதே அந்தத் தீர்மானங்களின் உயிர். அதே திருச்சபை இங்கே என்ன செய்தது? உத்தியோகம் வேண்டுமானால் ஞானஸ்நானம். கலியாணம் சட்டப்படி நிலைக்கவேண்டுமானால் தேவாலயப் பதிவு. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டம். பெயர்களெல்லாம் தோம்பில். கடவுள் கருவிகளைக் கொண்டே செயற்படுகிறார் என்று டோர்ட் சங்கமும் சொன்னது உண்மைதான். பிரசங்கம் கருவி, பாடசாலை கருவி, சரி. உத்தியோகமும் தண்டமும் எந்தக் கணக்கில் சேரும்? இவர்கள் பெயரளவில்தான் கிறிஸ்தவர்கள், பழைய வழக்கங்களை விடவில்லை என்று பால்டேயஸே எழுதவேண்டி வந்தது. விரதச் சோறுண்ட வாழையிலையைக் கூரையில் செருகி மறைத்த கதையை எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1795 இல் ஆங்கிலேயர் கைக்கு யாழ்ப்பாணம் மாறிக் கட்டாயம் தளர்ந்ததும் பெருந்தொகையானோர் சைவத்துக்குத் திரும்பினர்.

இதைச் சொல்லும்போது மனச்சாட்சியோடு ஏற்றுக்கொண்டவரும் இருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். கொழும்பிலே பிறந்து ஒல்லாந்தத் திருச்சபையின் போதகராகிய தமிழர் பிலிப்பு தெ மெல்லோ, 1759 இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்தவர். அவரை உத்தியோகத்துக்காகச் சேர்ந்தவர் என்று யாரும் சொல்லத் துணியார்.

ஆர்மீனியஸும் ஒரு நாள் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார், மெதடிஸ்தர் வடிவில். இங்கிலாந்தில் ஜோன் வெஸ்லி, கடவுள் சிலரை மட்டுமே தெரிந்துகொண்டார் என்பதை எதிர்த்து 1739 இல் பிரசங்கித்தார். எல்லா மனிதரிடத்தும் முந்திவந்து நிற்கும் அருள் ஒன்று உண்டு, 'ஆம்' என்று சொல்லும் வலுவை அது எல்லோருக்கும் தந்திருக்கிறது என்பது அவர் கொள்கை. முதலடி கடவுளுடையதே, மறுமொழி மனிதனுடையது. 1778 இல் தொடங்கிய தமது சஞ்சிகைக்கு ஆர்மீனியஸின் பெயரையே வைத்தார். இவ்விடயத்தில் அவரோடு முரண்பட்டுப் பிரிந்தவர் அவருடைய நண்பர் விற்பீல்ட். பிரிந்தனர், எழுத்தில் சாடிக்கொண்டனர், ஆனால் 1770 இல் விற்பீல்ட் இறந்தபோது, அவர் முன்னரே விரும்பியிருந்தபடி இலண்டனில் அவருக்கான நினைவுப் பிரசங்கத்தை நிகழ்த்தியவர் வெஸ்லியே. டோர்ட்டிலிருந்து நூற்றைம்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

வெஸ்லியின் மிசனரிமார் 1814 இல் யாழ்ப்பாணம் வந்தனர். கல்வினின் மரபில் வளர்ந்த அமெரிக்க மிசனரிமார் 1816 இல் வந்து தெல்லிப்பழையில் தொடங்கினர். ஐரோப்பாவில் தலை உருண்ட வழக்கின் இரு கட்சியினரும் ஒரே குடாநாட்டில் சில மைல் தூரத்தில் இருந்து பாடசாலை நடத்தினர். 1850 இல் வெளிவந்த யாழ்ப்பாண வேதாகம மொழிபெயர்ப்பில் மெதடிஸ்தராகிய பேர்சிவலும் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஸ்போல்டிங்கும் சேர்ந்து உழைத்தனர். அந்தப் பணியில் பேர்சிவலுக்குத் துணைநின்றவர் சைவராகிய ஆறுமுக நாவலர். முன்குறித்தல், தெரிந்துகொள்ளுதல் பற்றிய வாக்கியங்களுக்குத் தமிழ் தேடியபோது அந்த மூவர் மனத்திலும் மூன்று வேறு அருட்கொள்கைகள் ஓடியிருக்கும். அந்த மேசையருகே ஒரு மூலையில் நின்று கேட்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று நான் பலதடவை ஏங்கியதுண்டு.

படித்ததையெல்லாம் அந்த மாணவனுக்கு இரண்டு மூன்று நாளாகச் சொன்னேன். ஹாட்ருமெத்தும் துறவிகளின் கதையில் அவனுக்குத் தனிப் பெருமை. "அப்ப என்ர கேள்வி பழைய கேள்விதான் என்ன சேர்?" என்றான். நீங்கள் எந்தச் சபை என்று அப்போதுதான் கேட்டேன். தகப்பன் வழி பழைய அமெரிக்க மிசன், 1947 இன் பின் தென்னிந்தியத் திருச்சபை. தாய் வழி மெதடிஸ்தம். வீட்டுக்குள்ளேயே இரு கட்சியும் இருக்கின்றனவே, தாயும் தகப்பனும் இதுபற்றி வாதிடுவதுண்டா என்றேன்.

"இதுக்கு ஒருநாளும் சண்டை வந்ததில்லை சேர். நத்தாருக்கு எந்தக் கோயிலுக்குப் போறது எண்டதிலதான் ஒவ்வொரு வருசமும் வரும்."